நிறைஞ்சிருக்கு

வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் அந்தக் கட்டடம் குதிரை லாயம். பட்டாளம் போனது, குதிரைகள் போயின, அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரி வந்து ஐம்பது வருஷமும் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. பெங்களூர் பழைய மதராஸ் ரோட்டில் எந்த ஆட்டோவில் ஏறி 'லாய ஆஸ்பத்திரி' என்றாலும் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மருந்து ஸ்டோர் இருந்த நீள அறையின் சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றில் குடை தொங்கும். ஒன்றில் போன வருஷத்துக் காலண்டர்.

டென்சில் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இரண்டாயிரத்து ஒன்று ஜூனில், மருந்து இருப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு கம்ப்யூட்டரும், அதைத் தட்டுவதற்குக் கான்ட்ராக்டில் இவனும் வந்தார்கள். ஊர் கே.ஜி.எஃப். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்லும்படி பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அறையில் அவனுக்கு எப்போதும் பாதித் தூக்கம். வெளியே தூறல், உள்ளே பழைய ஃப்ரிட்ஜின் உறுமல். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அது ஃப்ரிட்ஜ் மாதிரியே கேட்காது. ஏதோ பெரிய மிருகம் நின்றபடி தூங்கி மூச்சு விடுவது மாதிரி இருக்கும். ஒன்று இல்லை, பன்னிரண்டு. சில நாள் ஈர வைக்கோல் வாசனைகூட வரும். நனைந்த அட்டைப் பெட்டி வாசனை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முகர்வான்.

ஸ்டோர் பார்மசிஸ்ட் வெங்கடசுப்ரமணியன் அதற்குள் இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். அப்பா காலத்திலிருந்தே கவர்ன்மென்ட் உத்தியோகம், பெங்களூர் வாசம். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம். கோபம் வந்தால் எந்த மொழியும் வராது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஸ்டோருக்குள் வருவார். கோயிலா என்று டென்சில் முதல் நாள் நினைத்துக்கொண்டான். அன்றைக்கே ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இது காலி சார்" என்றான். சுடுதண்ணீர் பட்டவர் மாதிரி அவர் தோள் குலுங்கியது.

"அந்த வார்த்தை இங்க வேண்டாம்ப்பா."

தன் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை போல, கே.ஜி.எஃப். தமிழ் காதில் குத்துகிறது போல என்று எடுத்துக்கொண்டு அவன் விட்டுவிட்டான். தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

ஜூலை முதல் வாரம் இருப்பு எடுத்தார்கள். அவர் அலமாரி அலமாரியாகச் சொல்லிக்கொண்டே போக, இவன் அடித்துக்கொண்டே வந்தான். பாராசிட்டமால் பன்னிரண்டு டப்பா. குளுக்கோஸ் தொண்ணூறு பாட்டில். கடைசியாக ஃப்ரிட்ஜ்.

"ஆன்ட்டி-டி ஊசி?"

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். நீல பிளாஸ்டிக் தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு கதவை மெதுவாக, யாரையோ எழுப்பிவிடாமல் சாத்துவது போலச் சாத்தினார்.

"நிறைஞ்சிருக்கு."

"எவ்ளோ சார்? நம்பர் வேணும்."

"நிறைஞ்சிருக்குன்னு சொன்னேனேப்பா. போட்டுக்கோ."

கதவு திறந்திருந்தபோது தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டை அவன் பார்த்திருந்தான். 'ஆன்ட்டி-டி, 40' என்று இருந்தது. தட்டு நாற்பது குப்பி பிடிக்கும். நிறைந்திருக்கிறது என்றால் நாற்பது. டென்சில் நாற்பது என்று அடித்தான். அன்றைக்கு அவர் இதே போல இன்னும் ஐந்து சாமானுக்கு நிறைஞ்சிருக்கு என்றார். அவை ஒவ்வொன்றுக்கும் பெட்டி என்ன பிடிக்குமோ அதைப் போட்டான். சுத்தமான வேலை. பட்டியல் அச்சாகி எல்லா வார்டுக்கும் போனது. சுற்றுவட்டார அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் ஒவ்வொரு பிரதி போனது.

பத்து நாள் யாரும் அந்த ஊசியைக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு பிரசவ வார்டு சிஸ்டர் தமயந்தி தானே வந்தாள். குடியாத்தத்துக்காரி, நடந்தால் நாற்காலிகள் ஒதுங்கும்.

"டென்சிலு, ஆன்ட்டி-டி ஒண்ணு எடு. சாயங்காலத்துக்குள்ள போடணும்."

அவன் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். நீலத் தட்டில் ஒன்றும் இல்லை. ஒரு மூலையில் விரல்கடை அளவு தண்ணீர். விளக்கு வெளிச்சம் அதில் அசைந்தது. எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது போல அவன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா, குளிர் காயறியா?"

"சார்," என்றான் டென்சில். "இது காலி."

வெங்கடசுப்ரமணியன் தலை நிமிரவில்லை. "அந்த வார்த்தையைச் சொல்லாதேன்னேன்."

"நீங்கதானே சார் நிறைஞ்சிருக்குன்னீங்க."

"ஆமாம். நிறைஞ்சிருக்கு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃப்ரிட்ஜ் திறந்தே கிடந்தது. முதலில் புரிந்தது தமயந்திக்குத்தான். சுவர் வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"ஏண்டா, உங்க வீட்ல அரிசி தீந்தா என்னா சொல்லுவீங்க?"

"காலின்னு சொல்லுவோம்."

"எங்க வீட்ல நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவோம். அரிசி, உப்பு, மஞ்சா, குங்குமம் எல்லாத்துக்கும். இல்லன்னு வாயால சொன்னா அப்புறம் வீட்ல தங்காதாம். சார் வீட்லயும் அப்படித்தான். நீ நாப்பதுன்னு போட்டியா? நல்லா போட்ட. அந்தத் தாளைப் பாத்துட்டுத்தான் நான் மூணு நாளா சும்மா இருந்தேன்."

முன்பெல்லாம் தாள் கிடையாது. வார்டிலிருந்து யாராவது வந்து வாசலில் நின்று கேட்பார்கள். அவர் நிறைஞ்சிருக்கு என்பார். கேட்டவர் திரும்பிப் போய், முதல் நாளே நோயாளி வீட்டு ஆளிடம் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். வெங்கடசுப்ரமணியன் மாவட்டக் கிடங்குக்குப் போன் செய்து கன்னடத்தில் இதே வார்த்தையைச் சொல்வார். அந்தப் பக்கத்து ஆளும் வீட்டில் அதே பேச்சுப் பேசுகிறவர், வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். இருபத்தாறு வருஷம் அந்த ஸ்டோர் அப்படித்தான் ஓடியது. ஒருவருக்கும் குழப்பம் இல்லை. இந்த மாதம் கிடங்கும் தாளைப் பார்த்தது. நாற்பது இருக்கிறவனுக்கு எதற்கு என்று இவர்கள் பங்கை வெட்டிவிட்டது.

"யாருக்கு ஊசி?" என்றார் வெங்கடசுப்ரமணியன். குரல் சின்னதாகியிருந்தது.

"தாரணின்னு ஒரு பொண்ணு. ஜோகுபாளையம். திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்குப் பிரசவம். அவளுக்கு ரத்தம் நெகட்டிவ். குழந்தைக்கு என்னான்னு பாக்க லேப்ல மருந்து இல்ல, நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. பாசிட்டிவ்."

"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்."

"இன்னிக்கு அஞ்சு நாப்பது."

டென்சிலுக்கு விளங்கவில்லை. "போடலைன்னா குழந்தைக்கு என்ன ஆகும்?"

"இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் தமயந்தி. "அடுத்ததுக்குத்தான். தாயோட ரத்தமே அதுக்கு எதிரியாப் போயிடலாம். வயித்துலயே போனாலும் போகும்."

"வெளியே கடையில?"

"இது எந்தக் கடையிலயும் கைவசம் இருக்காது. கேட்டா நாளைக்கு வரவெச்சுத் தரேன்பான். நாளைக்கு எதுக்கு? ஊறுகாய் போடவா?"

அவள் போய்விட்டாள். வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"நான் நம்பர் சொல்லியிருக்கணும்," என்றார்.

"என்ன நம்பர் சார்?"

அவர் வாயைத் திறந்தார். எதிரே அலமாரிகள் வரிசையாக நின்றன, காது கொடுத்துக் கேட்பது போல. வாயை மூடிக்கொண்டார்.

டென்சில் போனை எடுத்தான். பிரதி போன ஆஸ்பத்திரிகளின் நம்பர்களை ஒவ்வொன்றாகச் சுழற்றினான். இரண்டு இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது இடத்தில் ஸ்டோர் லட்சுமம்மா என்ற அம்மாள் எடுத்தாள். அவன் கேட்டதும் போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கனிவாக, "ஹெச்சிதெப்பா" என்றாள். கூடுதலாக இருக்கிறது என்று அவனுக்கு அர்த்தமானது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"சார், அங்க நிறைய இருக்காம். ஹெச்சிதென்றாங்க."

அவர் தலையை ஆட்டினார். "உட்காரு. கன்னடத்துல நிறைஞ்சிருக்குக்கு அதான் வார்த்தை."

நான்காவது நம்பர் ஆனேக்கல் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஸ்டோரில் சேஷகிரி என்பவர் எடுத்தார். டென்சில் ஆன்ட்டி என்று ஆரம்பித்து டி சொல்வதற்குள், "இல்ல" என்று வைத்துவிட்டார்.

"இல்லையாம்."

"எவ்வளவு நேரத்துல சொன்னான்?"

"கேட்டு முடிக்கலை சார், சொல்லிட்டாரு."

வெங்கடசுப்ரமணியன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா அவன்கிட்ட ஒண்ணு இருக்கு. லட்சுமம்மா எழுந்து போய்ப் பாத்துட்டு வந்தா. இவன் பாக்கவே இல்லை. நெஜமா தீர்ந்தவன் அவ்வளவு சுலபமா சொல்ல மாட்டான். கிளம்பு, நேர்ல போ. சாவி கொடுத்துட்டு நான் வர முடியாது."

சுவரோரத்தில் இருந்த தெர்மாஸ் குடுவையை எடுத்துக் கொடுத்தார். ஒரு கைப்பிடி பஞ்சும் கொடுத்தார். "போற வழியில ஐஸ் போட்டுக்கோ. குப்பியை ஐஸ் மேல நேரா வைக்காதே, உறைஞ்சா தூக்கிப்போட வேண்டியதுதான். பஞ்சு சுத்தி வை."

சிவாஜிநகரில் அந்த நேரத்தில் ஐஸ் இருக்கிற இடம் மீன் கடைதான். அவன் தெர்மாஸை நீட்டியபோது கடைக்காரி சரசு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"காப்பி குடிக்கவா ஐஸு?"

"ஊசிக்கு அக்கா. ஆஸ்பத்திரி ஊசி."

"ஊசிக்கு என் ஐஸா? அந்தப் பொம்பள ஆறு மாசத்துக்கு மீன் வாசம் அடிப்பா, பாத்துக்க." சொல்லிக்கொண்டே அள்ளிப் போட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூறல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது. மடிவாளா தாண்டி ஒசூர் ரோட்டில் லாரிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. கம்பெனி பஸ்களில் கழுத்துப் பட்டை அடையாள அட்டையோடு ஆட்கள் வாய் திறந்து தூங்கினார்கள். டென்சிலும் தூங்கினான், தெர்மாஸை மடியில் கட்டிக்கொண்டு. ஐஸ் உள்ளே இடம் மாறி டொக் என்றபோதெல்லாம் ஒரு குளம்பு எடுத்து வைப்பது போலக் கேட்டது.

கனவும் இல்லை, விழிப்பும் இல்லை. லாயத்தில் பன்னிரண்டு குதிரைகள் நின்றன. எண்ணிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. ஆனால் மூச்சு கேட்டது. அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு சின்னப் பெண் நின்று, "எத்தனை?" என்று கேட்டாள். திரும்பினால் அங்கேயும் யாரும் இல்லை. நீ யார் என்று கேட்டான். நான் அடுத்தது என்றது குரல்.

பொம்மசந்திராவில் பஸ் குலுங்கி விழித்துக்கொண்டான். தன்னையே திட்டிக்கொண்டான். அந்தக் குழந்தை எங்கேயும் இல்லை. அதற்கு நம்பர் இல்லை, அலமாரி இல்லை, பட்டியலில் வரி இல்லை. அதற்காக ஒருவன் மீன் ஐஸைச் சுமந்துகொண்டு எல்லைக்குப் போகிறான். இருக்கிற நாற்பது இல்லாமல் போனதும், இல்லாத ஒன்றுக்காக அலைவதும் ஒரே நாளில் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பக்கத்து ஆள் தள்ளி உட்கார்ந்தார்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால். சேஷகிரி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்கு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒல்லி மனிதர், இடுப்பில் சாவிக்கொத்து. டென்சில் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"இல்லன்னு போன்லயே சொன்னேனே."

"நீங்க தேடிப் பாக்கலை சார்."

"யார் சொன்னா?"

"எங்க சார் சொன்னாரு. வெங்கடசுப்ரமணியன் சார்."

சேஷகிரி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். டென்சில் அச்சடித்த தாள். அந்த எழுத்து, அந்த இடைவெளி, எல்லாம் அவனுடையது. ஊர் ஊராக வந்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"லாய ஆஸ்பத்திரி. ஆன்ட்டி-டி. நாற்பது," என்று படித்தார். "நாப்பதை வெச்சுண்டு ஒண்ணுக்கு எங்கிட்ட ஏனப்பா வந்தே? வெளியே விக்கறதுக்கா?"

"அது நான் தப்பா அடிச்சது சார்."

"அப்ப இதுல மத்த நம்பரெல்லாம்?"

டென்சில் யோசித்தான். "ஆறு தப்பு எனக்குத் தெரியும். மத்தது தெரியாது சார்."

சேஷகிரி தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். பொய் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார் போலிருந்தது.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குன்னே வெச்சுக்கோ. எனக்கு வர்றதே ஒண்ணு ரெண்டு. நாளைக்கு இங்கயே ஒருத்திக்கு வேணும்னா நான் எந்த பஸ் ஏறறது? உனக்குக் கொடுத்தேன்னா ஏன் கொடுத்தேன்னு எழுதி வெக்கணும். நாப்பது இருக்கிறவனுக்குக் கொடுத்தேன்னு எழுத முடியுமா? உங்க சார் வாயால இல்லைன்னு சொல்லட்டும். எழுதிண்டு கொடுக்கறேன்."

மணி இரண்டு முப்பத்தைந்து. சேஷகிரியே நம்பரைச் சுழற்றினார். ஒரு மணியிலேயே எடுத்தார்கள். ரிசீவரை நடுவில் வைத்து இரண்டு பேரும் காதைச் சாய்த்தார்கள்.

"நான் சேஷகிரி. உங்க பையன் வந்திருக்கான். உங்க ஸ்டோர்ல ஆன்ட்டி-டி எவ்வளவு இருக்கு?"

"நிறைஞ்சிருக்கு," என்றார் வெங்கடசுப்ரமணியன் உடனே.

"ஸ்வாமி, எனக்குப் புரியறது. ஆனா நான் எழுதணும். நிறைஞ்சிருக்குன்னு எழுதினா ஆடிட்காரன் என்னை எழுதிடுவான். நேரா சொல்லுங்கோ."

கம்பியில் இரைச்சல் மட்டும். அதற்குள்ளே, வெகு தூரத்தில், ஃப்ரிட்ஜின் உறுமல். டென்சிலுக்கு அந்த அறை முழுக்கத் தெரிந்தது. அலமாரிகள், வளையங்கள், குடை.

"ஒரு நிமிஷம்," என்றார் அவர்.

போனை மேஜையில் வைக்கும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. வெறுங்காலுக்குச் சத்தம் கிடையாது. வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று சேஷகிரி உதட்டைப் பிதுக்கினார். டென்சில் கையைக் காட்டி நிறுத்தினான். காத்திருந்தான். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம், மெலிதாக, இரண்டு தடவை. கதவு கிரீச்சிட்டது. மழை இரைச்சல் திடீரென்று பெரிதானது. சரளைக் கல்லில் காலடி, ஒன்று, இரண்டு, ஐந்தாறு. அவர் முற்றத்துக்கு இறங்கிவிட்டார். அலமாரிகளின் காதில் விழாத தூரம் எது என்று தேடுகிறார்.

அங்கிருந்து, மழைக்குள்ளிருந்து, முழுத் தொண்டையில் ஒரே வார்த்தை வந்தது.

"இல்லை."

முப்பது மைல் கம்பியைத் தாண்டி அது எறும்பு அளவுக்குத்தான் கேட்டது. ஆனால் கேட்டது.

சேஷகிரி போனை மெதுவாக வைத்தார். ரெஜிஸ்டரில் ஒரு வரி எழுதினார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, அந்த ஒரு குப்பி இருந்தது.

"இருக்கறப்ப இல்லைன்னு நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்றேன்," என்றார், பஞ்சைச் சுற்றிக்கொண்டே. "வாய் கூசாது. தீர்ந்தப்பதான் வர மாட்டேங்கறது. உங்களுக்கு வந்ததும் எனக்கு ஒண்ணு திருப்பி வந்தாகணும், சொல்லிடு. என்னடா இது, மீன் வாசனை?"

"ஐஸ் சார்."

"ராமா," என்று கையை முகர்ந்துவிட்டுக் கழுவப் போனார்.

திரும்பி வருகையில் டென்சில் தூங்கவில்லை. பொம்மனஹள்ளியில் பஸ் அரை மணி நேரம் நின்றது. ஒரு லாரி குறுக்கே விழுந்திருந்தது. ஆட்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். அவன் தெர்மாஸ் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், யாரோ திறந்து எண்ணிவிடுவார்கள் என்பது போல. நாலு ஐம்பதுக்கு மடிவாளா. அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தான். அல்சூர் ஏரியின் மேல் வெளிச்சம் பாலாடை மாதிரி படர்ந்திருந்தது. ஆட்டோக்காரன் எதையோ கேட்டுக்கொண்டே வந்தான். டென்சில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான்.

ஐந்து இருபத்தைந்துக்கு வார்டுக்குள் நுழைந்தான். தாரணி ஒடிசலான பெண், இருபத்தொன்றோ இரண்டோ. பக்கத்துக் கட்டில்காரியோடு சீரியல் கதை பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய அவசரம் அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்து களைத்துவிட்டாள். புருஷன் அப்பாதுரை கட்டில் காலடியில் குந்தியிருந்தான். பெயின்ட் வேலை செய்கிறவன், நகக்கண்ணில் பச்சை.

தமயந்தி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தேதியைப் படித்தாள். உறையவில்லை. ஐந்து முப்பத்தொன்றுக்கு ஊசி இறங்கியது.

"என்னாக்கா மீனு வாசம் அடிக்குது?" என்றாள் தாரணி முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"அடிக்கட்டும். திரும்பிப் படு."

அப்பாதுரை டென்சிலைப் பார்த்தான். "காலையிலர்ந்து இதுக்குத்தானா சார்? இந்த ஆஸ்பத்திரியில நாப்பது இருக்குன்னு சிஸ்டர் மொத நாளே சொன்னாங்களே."

"இருந்துச்சு," என்றான் டென்சில். "தாள்ல."

அப்பாதுரை தலையாட்டினான். அவனுக்கு அது புதுச் செய்தி இல்லை போலிருந்தது. கட்டிலில் குழந்தை கொட்டாவி விட்டது. அதற்கும் இந்தச் சங்கதிக்கும் சம்பந்தம் இல்லை.

டென்சில் ஸ்டோருக்குத் திரும்பியபோது வெங்கடசுப்ரமணியன் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். சட்டை தோள்பட்டையில் இன்னும் ஈரம். குடை வளையத்திலேயே தொங்கியது. எடுத்துக்கொண்டு போக அவருக்குத் தோன்றவில்லை.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். ஒன்பது நிமிஷம் மிச்சம்."

"குப்பியைக் கொண்டுவந்தியா?"

தீர்ந்த குப்பியை ஸ்டோருக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி. டென்சில் மேஜையில் வைத்தான். அவர் அதைக் குழாயில் கழுவினார், வேட்டி நுனியால் துடைக்கிற மாதிரி சட்டை நுனியால் துடைத்தார், ஃப்ரிட்ஜைத் திறந்து நீலத் தட்டில், தண்ணீர் தேங்கிய மூலையைத் தவிர்த்து நடுவில் வைத்தார். தட்டு வெறுமையாக இல்லை இப்போது. கதவைச் சாத்தினார். முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"நாளைக்குக் காலையில கிடங்குக்கு லெட்டர் அடிச்சுடு. நான் கையெழுத்துப் போடறேன். நம்பரை நீயே போட்டுடு," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சரளைக் கல்லில் காலடி தேய்ந்தது.

டென்சில் கம்ப்யூட்டரை முடுக்கினான். அது விழிப்பதற்குள் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். விளக்கில் அந்தக் குப்பி நிறைந்தது மாதிரியே மின்னியது. அவனே முதல் பார்வையில் ஏமாந்திருப்பான். நாளைக்கு யாராவது எட்டிப் பார்த்து ஒன்று இருக்கிறது என்று எண்ணுவார்கள். இன்னொரு தாரணி இன்னொரு மூன்று நாள் சும்மா படுத்திருப்பாள். குப்பியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். குப்பைத் தொட்டியில் போட மனசு வரவில்லை. ஆனால் தட்டில் விடவும் முடியாது.

திரை வெளுத்தது. ஆன்ட்டி-டி வரியில் நாற்பது நின்றது. அழித்துவிட்டு பூஜ்யம் போட்டான். மற்ற ஐந்து வரிகளையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றிலும் பூஜ்யம் போட்டான். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் உறுதிதானா என்று கேட்டது.

ஃப்ரிட்ஜ் உறுமியது. பன்னிரண்டு மூச்சு. அவன் விரலில் மீன் வாசனை இருந்தது.

உறுதிதான் என்று அழுத்தினான்.